அட்வான்ஸ் கொடுத்தாச்சு, ஹீட்டர் எங்கே?

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். சோல், லைனிங், பசை, நூல், அட்டைப்பெட்டி என்று நாள் முழுக்க யாரிடமாவது எதையாவது வாங்குவதுதான் என் வேலை. எங்கள் தொழிலில் தேதி தவறினால் பணம் போகும். கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமானால் விமானத்தில் அனுப்ப வேண்டி வரும்; அந்தக் கூடுதல் செலவு பெரும்பாலும் கம்பெனியின் தலையில்தான் விழும். அதனால் கையெழுத்துப் போட்ட பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) இல்லாமல் ஒரு கட்டு நூல்கூட கேட்டைத் தாண்டி உள்ளே வராது. என்ன பொருள், எவ்வளவு, என்ன விலை, எந்தத் தேதிக்குள் என்ற நான்கும் அதில் இருந்தாக வேண்டும்.

கம்பெனியில் இவ்வளவு கறாராக இருக்கும் அதே ஆட்கள் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கும்போது பாருங்கள். “நல்லா தெரிஞ்ச கடை, ஏமாத்த மாட்டாங்க” என்று அட்வான்ஸை நீட்டிவிட்டு, ஒரு துண்டுச் சீட்டோடு திரும்பி வருகிறார்கள். வாட்டர் ஹீட்டர் விஷயத்தில் இது வருடா வருடம் நடக்கிறது. எங்கள் வேலூர்ப் பக்கம் என்றதும் எல்லோருக்கும் வெயில்தான் ஞாபகம் வரும். மார்கழி விடியலில் இந்த ஊர்ப் பக்கம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் குளிர் தெரியும். ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் அடிவாரத்தில் பச்சைத் தண்ணீரில் வயதானவர்கள் குளிக்கவே முடியாது. கார்த்திகை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கடைக்குப் போவார்கள். தாமதம் அங்கேதான் தொடங்குகிறது.

போன வருடம் என் அம்மாவுக்கு மூட்டுவலி அதிகமானபோது, வேலூரில் ஒரு டீலரிடம் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டருக்கு ஆர்டர் கொடுத்தேன். அட்வான்ஸ் ரசீதிலேயே மாடல் பெயர், ஸ்டாண்டு, பைப், பிட்டிங் எல்லாம் சேர்த்து விலை, டிசம்பர் 10-க்குள் மாட்டித் தர வேண்டும் என்று எழுதி, கடை சீலும் வாங்கிக்கொண்டேன். தேதி தாண்டியது. போன் செய்தால், “சார், ரெண்டே நாள் சார், லோடு கிளம்பிடுச்சு.” அடுத்த முறை, “டேங்க் வந்துடுச்சு சார், ட்யூப்தான் வரணும்.” அதற்கடுத்து, “பிட்டர் ஊருக்குப் போயிருக்காரு.” கடைசியில், “வேற கம்பெனி பீஸ் ரெடியா இருக்கு சார், நாளைக்கே மாட்டிடலாம். இதைவிட நல்லது.”

அந்த ‘வேற பீஸ்’ என்ற இடத்தில்தான் நிறைய பேர் அலுத்துப்போய்த் தலையாட்டிவிடுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படித் தலையாட்டக் கூடாது. காரணம், தண்ணீர்.

பாலாற்றங்கரையின் நிலத்தடி நீர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோல் பதனிடும் ஆலைக்கு வரும் பச்சைத் தோல் உப்புப் போட்டுப் பதப்படுத்தப்பட்டது. அந்த உப்பைக் கழுவி எடுப்பதுதான் முதல் வேலை. பல பத்தாண்டுகள் அந்த உப்புநீரும் ரசாயனக் கழிவும் நிலத்தில் இறங்கின. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமாகவோ கெட்டுவிட்டதைப் பதிவு செய்தது. இதே பிரச்சினையில் 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. குடிக்கக் காவிரித் தண்ணீர் வந்தாலும், குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகளில் போர் தண்ணீர்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை போகலாம். கடினத்தன்மைக்கு இந்த எல்லைகள் 200, 600. தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, சூடான இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பக்கத்து வீட்டு கீசரை பிளம்பர் பாய் கழற்றியபோது பார்த்தேன். காயில் மேல் விரல் தடிமனுக்கு வெள்ளைப் பொருக்கு. ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. “இதுக்குள்ள சூடு எப்படி சார் வெளிய வரும்? கரண்ட்டுதான் போகும்” என்றார். குளோரைடு அதிகமான தண்ணீர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் பொத்தல் போடும். உள்ளே கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்க், அரிப்பைத் தானே வாங்கிக்கொள்ளும் மெக்னீசிய அனோடு ராடு, இவை நம் ஊருக்குத் தேவைப்படுவது அதனால்தான். சோலாரில் மெல்லிய செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்ணாடி ட்யூப் வகை உப்புத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் தாங்கும். டீலர் மாற்றித் தருவதாகச் சொன்னது சாதா ஸ்டீல் டேங்க். “உப்புத் தண்ணீர்ப் படிவுக்கு வாரண்டி கிடையாது” என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும் அட்டைகள் நிறைய. எனவே ஆர்டருக்கு முன்பே போர் தண்ணீரைச் சோதித்து, அந்த அறிக்கையைக் காட்டி, “இந்தத் தண்ணிக்கு வாரண்டி உண்டா?” என்று எழுத்தில் கேளுங்கள்.

நான் டீலரிடம் சத்தம் போடவில்லை. கம்பெனியில் சப்ளையருக்கு எழுதுவதைப் போல ஒரு கடிதம் எழுதினேன். ரசீது எண், பணம் கொடுத்த தேதி, ஒப்புக்கொண்ட தேதி, போனில் சொன்ன காரணங்கள், பதினைந்து நாள் கெடு. “அதற்குள் ரசீதில் உள்ள அதே மாடலை மாட்டித் தாருங்கள், இல்லையென்றால் அட்வான்ஸை வட்டியுடன் திருப்புங்கள்” என்று கடைசி வரி. பதிவுத் தபாலில் டீலருக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு நகல். அந்த நகல்தான் வேலை செய்தது. நிறுவனத்தின் ஏரியா ஆள் கூப்பிட்டுப் பேசினார். பொங்கல் கழிந்து அதே மாடல் வந்து சேர்ந்தது.

வராமல் போயிருந்தால்? அதற்கும் வழி இருக்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 நம் கையில் இருக்கிறது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அவர்கள் நிறுவனத்திடம் பேசுவார்கள். பல விஷயம் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நாமே வாதாடலாம். பெங்களூரிலோ சென்னையிலோ, ஆன்லைனிலோ வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. இப்போது இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

சொன்ன தேதியில் வேலையை முடிக்காமல் இழுத்தடிப்பது சேவைக் குறைபாடு. பில் தராமல் விடுவது நியாயமற்ற வணிக முறை. பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதோடு, அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடும் கேட்கலாம். லக்னோ வளர்ச்சிக் குழுமம் வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் அந்த உரிமையை உறுதி செய்துவிட்டது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்தில், பொருளை ஆய்வுக்கு அனுப்ப வேண்டியிருந்தால் ஐந்து மாதத்தில், தீர்க்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும். அப்போது நம் பக்கம் நிற்பது காகிதம் மட்டுமே. போனில் சொன்னதை அன்றைக்கே வாட்ஸ்அப்பில், “நீங்கள் இன்று சொன்னபடி வெள்ளிக்கிழமை வரும் என்று புரிந்துகொள்கிறேன்” என்று ஒரு வரி போட்டு வையுங்கள். அதுவும் சாட்சிதான்.

பொருள் வந்ததும் அவசரப்பட்டு டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். டேங்கின் சீரியல் எண் வாரண்டி அட்டையில் உள்ளதுதானா, ட்யூபில் விரிசல் உண்டா, ஸ்டாண்டு வெல்டிங் எப்படி என்று பார்த்து, குறை இருந்தால் அந்தச் சீட்டிலேயே எழுதுங்கள். தவணையில் வாங்குபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பொருள் வருவதற்கு முன்பே வந்துவிட்டதாகக் கையெழுத்துப் போட்டால், ஹீட்டர் வராமலே தவணை ஓடத் தொடங்கும்.

டீலர்கள் எல்லோரும் மோசம் என்று நான் சொல்லவில்லை. லோடு வராதது அவர்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் நேர்மையான கடைக்காரர் ரசீதில் தேதி எழுதத் தயங்க மாட்டார். முடியாத தேதி என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவார். “தேதியெல்லாம் எழுதித் தர மாட்டோம் சார், நம்பி வாங்குங்க” என்று சொல்லும் கடையில் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வேலூரிலும் ஆம்பூரிலும் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.