விளக்குப் பொறி விடிய விடிய எரியலாமா?

பிசான நெல் நடவு முடிந்து பயிர் தூர் கட்டும்போது குருத்துப்பூச்சியின் தாய் அந்துப்பூச்சிகள் வயலில் நடமாடத் தொடங்கும். இளம் பயிரில் குருத்து காயும். பின்னால் வெண்கதிர் தோன்றும். முன்பெல்லாம் தண்ணீர்த் தட்டின் மேல் அரிக்கேன் விளக்கையோ பெட்ரோமாக்ஸையோ தொங்கவிட்டு இவற்றைப் பிடித்தனர். இப்போது சோலார் தகட்டில் தானே எரியும் எல்.இ.டி. விளக்குப் பொறிகள் கிடைக்கின்றன. இவற்றை வாங்கி வந்தபடியே வரப்பில் நட்டுவிடுவது சரியல்ல.

விளக்கு மாலை 6 மணி முதல் 10 மணி வரை எரிந்தால் போதுமானது. அதற்கு மேல் எரிந்தால் நன்மை செய்யும் பூச்சிகளும் வீணாக மடியும். பேட்டரியும் தாங்காது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் அடங்குவது 84 வாட்-மணி மின்சாரம். 10 வாட் விளக்கு நான்கு மணி நேரத்தில் 40 வாட்-மணி எடுக்கும். விடிய விடிய, அதாவது 12 மணி நேரம் எரிந்தால் 120 தேவை. பிசானத்தில் வடகிழக்குப் பருவமழை மூட்டமும் சேர்ந்துகொண்டால், அந்து வரும் இரவில் பொறி இருண்டு நிற்கும். அம்மாதிரி நாட்களில் மூன்று மணி நேரமே வைப்பது நல்லது.

நேரத்தைக் கன்ட்ரோலர் பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்தி அமைக்கலாம். பல பெட்டிகளில் 0 என்றால் அந்தி முதல் விடியும் வரை. 4 என்றால் இருட்டியதிலிருந்து நான்கு மணி நேரம். கூட வரும் தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. இருட்டிவிட்டதைப் பெட்டி அறிவது தகட்டிலிருந்து மின்சாரம் வராததைக் கொண்டுதான். எலி தகட்டு ஒயரைக் கடித்தால் பட்டப்பகலையும் அது இரவென்றே எண்ணி விளக்கை ஏற்றும். 0-வில் இருந்தால் பேட்டரி வடியும் வரை எரியும். 4-இல் இருந்தால் நான்கு மணி நேரத்தில் தானே அணையும். பழுது எதுவானாலும் விளக்கு அணைந்து நிற்பதே பாதுகாப்பு.

அடுத்த காவல், பேட்டரி வடிந்ததும் விளக்கைத் துண்டிக்கும் அளவு. 12 வோல்ட் ஈய அமில பேட்டரிக்கு அதைச் சுமார் 11 வோல்ட்டில் வைக்கலாம். லித்தியம் பேட்டரிக்கு அளவுகள் வேறு. பெட்டியில் பேட்டரி வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

எல்.இ.டி. சூடேற ஏறக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் தன்மையுடையது. அதை அளவோடு நிறுத்துவது டிரைவர் என்னும் சிறு பகுதி. அது கெட்டால் விளக்கை நேராகப் பேட்டரியில் இணைக்கக் கூடாது. வெளிச்சம் கூடினால் பூச்சியும் கூடும் என்று டிரைவரின் திருகைத் திருப்புவோரும் உண்டு. விளக்கு கருகுவதுதான் மிச்சம்.

அமைத்த பின் பகலில் தகட்டைச் சாக்கால் மூடிப் பார்க்கலாம். சில நிமிடங்களில் விளக்கு எரிந்து, சாக்கை எடுத்ததும் சற்று நேரத்தில் அணைய வேண்டும். முதல் நாள் இரவு பத்தரை மணிக்கு ஒரு நடை வயலுக்குப் போய் வருவதும் அவசியம்.

தட்டுத் தண்ணீரில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, காலையில் விழுந்தவற்றை எண்ணிக் குறித்து வரலாம். இனம் தெரியாத பூச்சிகளை அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் காட்டி விவரம் கேட்டுக்கொள்ளலாம்.