அட்டையில் யார் முகம்?

'எஞ்சாயி எஞ்சாமி' பாட்டைக் காதால் மட்டும் கேட்டால் துள்ளல்தான் தெரியும். 2021 மார்ச்சில் வந்த அதன் வீடியோவைப் பாருங்கள், சகோதரிகளே! பாட்டை எழுதிப் பாடிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளே அதில் வருகிறார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். நிலமில்லாத ஜனங்களின் கதை அந்த ஒரு முகத்திலேயே தெரிந்து விடுகிறது.

அதே ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் பாடகி தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள். அறிவைக் காணோம்! விசேஷ வீட்டுப் போட்டோவில் அடுப்படியில் வெந்தவள் மட்டும் இருக்கமாட்டாளே, அந்த மாதிரி. டைரக்டர் பா. ரஞ்சித் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்கென்று ஓர் அட்டை வந்தது.

மறு வருஷம், எங்கள் நாவலூருக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்குச் சென்னையில் தொடக்க விழா. அங்கேயும் பாட்டு ஒலித்தது. மேடையில் அறிவு இல்லை. அமெரிக்காவில் இருந்தாராம்.

"யாரும்மா இந்தப் பாட்டி?" என்று குழந்தை கேட்டால், வள்ளியம்மாள் என்று பெயர் சொல்லுங்கள்.