பந்தயக் குதிரையின் முதுகில் 40 சதவீதச் சுமை

புது தில்லி: பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம் அமைந்துள்ள சாலை 2016 செப்டம்பர் வரை ரேஸ் கோர்ஸ் சாலை என்றே அழைக்கப்பட்டது. அருகிலிருந்த குதிரைப் பந்தயத் திடலால் வந்த பெயர் அது. பின்னர் அச்சாலை லோக் கல்யாண் மார்க் ஆயிற்று. மெட்ரோ ரயில் நிலையமும் அதே பெயரை ஏற்றது. பெயர்ப் பலகையில் இருந்து பந்தயம் மறைந்தாலும், நாட்டில் குதிரைப் பந்தயத்தின் தலைவிதியை நிர்ணயிக்கும் முடிவுகள் தலைநகரில்தான் எடுக்கப்படுகின்றன.

மும்பை, புணே, பெங்களூரு, ஹைதராபாத், கொல்கத்தா என அந்தந்த நகரின் பந்தயப் பருவத்தில், வார இறுதி நெருங்கும்போது பயிற்சியாளர்களின் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் மதிப்பு உண்டு. தங்கள் லாயத்தில் இருந்து ஓடவிருக்கும் குதிரைகளில் எதற்கு வாய்ப்பு அதிகம், எது இன்னும் தயாராகவில்லை என்று அவர்கள் கூறும் மதிப்பீட்டை ரசிகர்களும் உரிமையாளர்களும் ஆவலுடன் எதிர்பார்ப்பது வழக்கம். ஆனால், குதிரையின் மூச்சையும் காலையும் கணிக்கத் தெரிந்த இவர்களால் கணிக்க முடியாத இரண்டு விஷயங்கள் கடந்த சில ஆண்டுகளில் முன்னுக்கு வந்துள்ளன. ஒன்று வரி, மற்றொன்று நிலம்.

மதிப்பீடு உருவாகும் விதம்

பந்தயப் பயிற்சியாளரின் பணி விடியலுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. குதிரை முந்தைய இரவு தீவனத்தை மிச்சம் வைத்ததா என்பதுதான் அவர் முதலில் கேட்கும் கேள்வி. ஓட்ஸ், பார்லி, குதிரை மசால் என அளந்து வைக்கப்பட்ட தீவனம் தொட்டியில் மீதமிருந்தால், எத்தனை நல்ல குதிரையானாலும் அந்த வாரம் அதன் மீது நம்பிக்கை வைக்க இயலாது. அடுத்ததாகக் கால்களைத் தடவிப் பார்ப்பார். மூட்டிலோ தசைநாரிலோ சிறு வெப்பம் தெரிந்தால்கூட ஓட்டம் ஒத்திவைக்கப்படும்.

பின்னர் காலைப் பயிற்சி. கடைசி 1,000 மீட்டரையும் 600 மீட்டரையும் குதிரை எத்தனை விநாடிகளில் கடந்தது என்பதைத் திடலின் ஓரத்தில் நிற்கும் பார்வையாளர்கள் கடிகாரத்தில் குறித்துக் கொள்கின்றனர். நாளிதழ்களிலும் அந்த நேரங்கள் வெளியாகின்றன. எனினும் பயிற்சியாளர் அந்த எண்ணை மட்டும் நம்புவதில்லை. சவாரி செய்தவர் கடிவாளத்தை இறுகப் பிடித்திருந்தாரா, தளர்த்திவிட்டாரா, ஓடி முடித்த குதிரைக்கு மூச்சு எவ்வளவு விரைவில் சீரானது என்பவற்றையும் சேர்த்தே அவர் கணக்கிடுகிறார்.

இதற்கு மேல் எடைக் கணக்கு ஒன்று உண்டு. திறமைக்கு ஏற்பக் குதிரைகளுக்குத் தகுதி மதிப்பெண் வழங்கப்பட்டு, அவை வகுப்புகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரே வகுப்பிலும் மதிப்பெண் உயர்ந்த குதிரை அதிக எடையைச் சுமந்து ஓட வேண்டும். வென்ற குதிரைக்கு அடுத்த முறை சுமை கூடும். தோற்ற குதிரைக்குச் சுமை குறையும். ஆகவே, நேற்று வென்ற குதிரை நாளையும் வெல்லும் என்று எவரும் உறுதி கூற முடியாது. தூரம், தரையின் ஈரம், புறப்படும் இடத்தில் கிடைக்கும் கதவு எண், எந்த ஜாக்கி கிடைக்கிறார் என்பனவும் சேர்ந்து கணக்கை மாற்றிக் கொண்டே இருக்கும். தரையின் இறுக்கத்தை அளக்க பெனட்ரோமீட்டர் என்ற கருவி பயன்படுத்தப்படுகிறது. வெள்ளிக்கிழமை இரவு பெய்யும் ஒரு மழை, ஒரு வாரத்து மதிப்பீட்டைத் தலைகீழாக்கிவிடும்.

பயிற்சியாளர்களின் பேச்சுக்கும் ஒரு தனி அகராதி உண்டு. 'இந்த ஓட்டத்தால் இன்னும் தேறும்' என்றால், குதிரை முழுத் தயார் நிலையில் இல்லை என்று பொருள். 'கடந்த முறை தூரம் போதவில்லை' என்றால், கூடுதல் தூரத்தில் அது மேலும் நன்றாக ஓடும் என்பது எதிர்பார்ப்பு. 'ஒரு வகுப்பு இறங்கி ஓடுகிறது' என்பது நம்பிக்கையின் அடையாளம். வெல்லும் என்று நேரடியாகச் சொல்லும் பயிற்சியாளர் அரிது. எதிர்பார்ப்புக்கு மாறாகக் குதிரை ஓடினால் பந்தய நடுவர்களிடம் அவர் விளக்கம் அளிக்க வேண்டியிருக்கும்.

உச்ச நீதிமன்றம் கண்ட திறமை

இத்தனை நுணுக்கமான கணிப்பு, நாட்டின் சட்ட வரலாற்றிலும் முக்கிய இடம் பெற்றிருக்கிறது. இந்த வழக்கின் வேர் தமிழகத்தில் உள்ளது. குதிரைப் பந்தயத்தால் குடும்பங்கள் சீரழிகின்றன என்ற எண்ணத்தில் 1974-இல் தி.மு.க. ஆட்சி அதை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. உச்ச நீதிமன்றத்தின் தடையால் அது நடைமுறைக்கு வரவில்லை. 1986-இல் அ.தி.மு.க. ஆட்சி சென்னை ரேஸ் கிளப்பையே அரசுடைமையாக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

இவை தொடர்பான டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் 1996 ஜனவரி 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் திறமையை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டு. அதைச் சூதாட்டமாகக் கருத முடியாது என்று கூறிய நீதிமன்றம், 1986-ஆம் ஆண்டின் சட்டத்தையும் ரத்து செய்தது. குதிரையின் வேகமும் உறுதியும் பயிற்சியால் பெறப்படுபவை. ஜாக்கிகள் தேர்ந்த சவாரிக் கலைஞர்கள் என்பது அத்தீர்ப்பின் முக்கிய அடிப்படை. சுருங்கச் சொன்னால், பயிற்சியாளரின் அன்றாட உழைப்பே குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டப் பட்டியலில் இருந்து காப்பாற்றியது.

மாநிலத்திடமிருந்து கவுன்சிலுக்கு

அந்தப் பாதுகாப்பு வரி விஷயத்தில் கைகொடுக்கவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34-ஆவது இனம் பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்திருக்கிறது. அவற்றின் மீது வரி விதிக்கும் அதிகாரமும் 62-ஆவது இனத்தின் கீழ் மாநிலங்களிடமே இருந்தது. 2016-ஆம் ஆண்டின் 101-ஆவது திருத்தம் இதை மாற்றியது. பந்தயத்தை அனுமதிப்பதா, வேண்டாமா என்ற அதிகாரம் மாநிலத்திடம் இருக்க, வரி விகிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்குச் சென்றது.

கவுன்சிலில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு ஆதரவு தேவை. எனவே, மத்திய அரசு விரும்பாத எதையும் மாநிலங்கள் ஒன்று கூடினாலும் நிறைவேற்ற இயலாது. தனியொரு மாநிலம் தன் திடலுக்கு மட்டும் வரியைக் குறைக்கவும் வழியில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது பந்தயத் தொகை மீது 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. மொத்தத் தொகைக்கா, கிளப் எடுத்துக்கொள்ளும் கமிஷனுக்கு மட்டுமா என்ற சர்ச்சை எழுந்தது. ரசிகர் கட்டும் பணத்தில் பெரும் பகுதி வென்றவர்களுக்கே திரும்பப் போகிறது. கிளப்பின் வருவாய் கமிஷன் மட்டுமே என்ற வாதத்தை 2021 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏற்று, மொத்தத் தொகை மீது வரி விதிக்க வகை செய்த விதியைச் செல்லாது என்று அறிவித்தது.

ஆனால், 2023 ஜூலை 11-ஆம் தேதி கூடிய கவுன்சில், இணைய விளையாட்டு, கேசினோ, குதிரைப் பந்தயம் மூன்றுக்கும் முழுத் தொகை மீது 28 சதவீதம் என்று முடிவு செய்தது. இதற்கு முன்னர் பரிந்துரை அளித்த, மேகாலய முதல்வர் கான்ராட் சங்மா தலைமையிலான அமைச்சர்கள் குழுவில் தமிழகமும் இடம் பெற்றிருந்தது. அதற்கான சட்டத் திருத்தம், மழைக்காலக் கூட்டத்தொடரின் கடைசி நாளான ஆகஸ்ட் 11-ஆம் தேதி நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. பெரும் குதிரை உரிமையாளராக விளங்கிய எம்.ஏ.எம். ராமசாமி, 2004 முதல் 2010 வரை கர்நாடகத்தில் இருந்து மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர் என்பது இங்கு நினைவுகூரத் தக்கது. பந்தய உலகின் நேரடிப் பிரதிநிதி ஒருவர் அவையில் இருந்த காலமும் உண்டு.

திருத்தப்பட்ட சட்டத்தின் வாசகம் கவனிக்கத் தக்கது. பந்தயம் கட்டுதல், கேசினோ, சூதாட்டம், குதிரைப் பந்தயம், லாட்டரி, இணையப் பண விளையாட்டு என ஆறு இனங்களை அது தனித்தனியே வரிசைப்படுத்துகிறது. சூதாட்டமும் குதிரைப் பந்தயமும் வேறு வேறு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. வரி மட்டும் ஒன்றே. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கவுன்சில் எடுத்த முடிவின்படி, செப்டம்பர் 22 முதல் இந்த வரி 40 சதவீதமாக உயர்ந்தது.

பணம் போகும் பாதை

100 ரூபாய் பந்தயத்துக்கு 40 ரூபாய் வரி. குதிரை தோற்றாலும் அது அரசுக்குப் போய்ச் சேரும். வென்றால், வென்ற தொகைக்கு 30 சதவீத வருமான வரி தனி. இதன் தாக்கம் ரசிகரோடு நிற்பதில்லை. டோட்டில் கட்டப்படும் பணத்தில் இருந்து கிளப்புக்குக் கமிஷன். அந்தக் கமிஷனில் இருந்து பரிசுத் தொகை. பரிசுத் தொகையை நம்பி உரிமையாளர் குதிரை வாங்குகிறார். அவர் தரும் மாதப் பணத்தில் பயிற்சியாளரின் லாயம் நடக்கிறது. லாயத்தில் குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டும் குதிரைக்காரர், காலையில் சவாரி செய்பவர், லாடம் அடிப்பவர், தீவனம் கொண்டுவருபவர் ஆகியோரின் கூலி அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி. முதல் கண்ணி இளைத்தால் கடைசிக் கண்ணி அறுந்துவிடும் என்பதே பந்தய வட்டாரத்தின் அச்சம்.

வரி கட்டாத புக்கிகளிடம் பணம் போய்விடும் என்பது கிளப்புகளின் மற்றொரு வாதம். திடலில் கட்டினால் 140 ரூபாய், வெளியே செல்போனில் சொன்னால் 100 ரூபாய் என்ற நிலையில், சட்டத்தை மதிப்பவரே இழப்பவர் ஆகிறார். அங்கு அரசுக்கு வரியும் இல்லை. பரிசுத் தொகைக்குப் பங்கும் இல்லை.

திடல்களே கேள்விக்குறி

வரிக்கு அடுத்த நெருக்கடி நிலம். மும்பை மகாலட்சுமி பந்தயத் திடலின் குத்தகை 2013-இல் முடிவடைந்தது. நீண்ட இழுபறிக்குப் பின் 2024-இல் ஏற்பட்ட உடன்பாட்டில் 91 ஏக்கர் பந்தயத்துக்கு என்றும், 120 ஏக்கர் பொதுப் பூங்காவுக்கு என்றும் பிரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் நான்கு வயதுக் குதிரைகள் 2,400 மீட்டர் ஓடும் இந்தியன் டெர்பி நடைபெறுவது இங்குதான்.

பெங்களூரில் 2024 ஜூனில் கர்நாடக அரசு பந்தய உரிமம் வழங்க மறுத்தது. தனி நீதிபதி இடைக்கால அனுமதி வழங்க, டிவிஷன் அமர்வு அதை நிறுத்திவைத்தது. பந்தயம் நின்றாலும் குதிரைக்குத் தீவனம் நிற்காது, பயிற்சியும் நிற்காது. வருவாயின்றிச் செலவு மட்டும் தொடரும்.

சென்னை கிண்டியில் நிலைமை இன்னும் கடுமை. 1946-இல் 99 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 614 ரூபாய் 13 காசு வாடகையில் குத்தகைக்கு விடப்பட்ட 160.86 ஏக்கர் நிலத்தை, 730.86 கோடி ரூபாய் வாடகை பாக்கி விவகாரத்தைத் தொடர்ந்து, 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தமிழக அரசு திரும்ப எடுத்துக்கொண்டது. மாநகரின் நடுவே இத்தனை பெரிய நிலத்தைச் சொற்ப வாடகைக்கு ஒரு கிளப் அனுபவிப்பது நியாயமா என்ற கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பூங்காவும் நீர்நிலையும் பொதுமக்களுக்குப் பயன்படும் என்பதிலும் ஐயமில்லை.

விவாதம் தேவை

அரசுத் தரப்பின் வாதமும் வலுவானதே. பந்தயம் அத்தியாவசியப் பொருள் அன்று. அதன் மீது உயர்ந்த வரி விதித்து, அன்றாடத் தேவைகளுக்கு வரியைக் குறைப்பதில் தவறில்லை என்று கூறப்படுகிறது. பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்த குடும்பங்களின் கண்ணீர்தான் 1974-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குக் காரணம் என்பதையும் மறக்க இயலாது. பயிற்சியாளரின் திறமை உண்மை என்றாலும், டிக்கெட் வாங்கும் எல்லோரிடமும் அந்தத் திறமை இருப்பதில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமையா, அதிர்ஷ்டமா என்று பாராமலே தடை செய்தது. திறமை என்ற வாதத்தின் வலிமை குறைந்து வருவதையே இது காட்டுகிறது.

எனினும், ஒரு தொழிலை மூடுவது என்று முடிவு செய்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, அவையில் விவாதித்து, அதை நம்பியிருப்போருக்கு மாற்று வழி காட்டிச் செய்ய வேண்டும். அனுமதியும் கொடுத்து, ஓட முடியாத அளவுக்குச் சுமையும் ஏற்றுவது கொள்கை ஆகாது. மொத்தத் தொகைக்குப் பதிலாகக் கமிஷன் மீது வரி விதிப்பது, வரி விகிதத்தைத் தீர்மானிப்பதில் பந்தயம் நடக்கும் மாநிலங்களுக்குக் கூடுதல் இடமளிப்பது ஆகிய யோசனைகளைக் கவுன்சில் பரிசீலிக்கலாம். இல்லையெனில் 34-ஆவது இனத்தின் கீழ் மாநிலங்களுக்கு உள்ள அதிகாரம் பெயரளவிலேயே நிற்கும்.

சனிக்கிழமை எந்தக் குதிரைக்கு வாய்ப்பு என்று கேட்டால் பயிற்சியாளரிடம் பதில் இருக்கும். அடுத்த ஆண்டு லாயத்தில் எத்தனை குதிரைகள் இருக்கும் என்ற கேள்விக்கான பதில் ஜி.எஸ்.டி. கவுன்சிலின் மேசையில் இருக்கிறது.