தலையணியும் அதன் பெயரும்

'ஓரிரவு இருக்கை' என்பதே ஓரிக்கை என மருவிற்று என்பது நம் ஊரார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. திருமழிசையாழ்வாரும் கணிகண்ணனும் காஞ்சியை விட்டு நீங்க, அவர்களைப் பின்தொடர்ந்த பெருமாள் இவ்விடத்தே ஓரிரவு தங்கினார் என்பர். வழிநடையில் நேர்ந்த ஒரு தங்கல் ஊருக்குப் பெயரானது போலவே, வழிநடப்போர் தலையில் அணிந்தவற்றின் பெயர்களும் தத்தம் வரலாற்றைச் சொல்லும் இயல்பின.

பண்டைக் கிரேக்கர் வெளியூர் செல்லுங்கால், ஆட்டு மயிரை அழுத்திச் செய்த அல்லது வைக்கோலால் பின்னிய அகன்ற விளிம்புத் தொப்பியை அணிந்தனர். அதற்குப் 'பெட்டசோஸ்' என்று பெயர். விரித்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல் அது. வழிப்போக்கருக்கும் வணிகருக்கும் காவலான ஹெர்மீஸ் என்னும் தெய்வத்திற்கும் இத்தொப்பியே சூட்டப்பெற்றது. அதைப் போல் அகன்ற இலையுடைய ஒரு மூலிகைக்குத் தொப்பியின் பெயரையே இட்டனர். உரோமர் அதனைப் 'பெட்டசஸ்' என்றனர். குளிர்கால வெயிலையும் பொறாத அகஸ்டஸ் பேரரசர், தம் மனையின் திறந்தவெளியில் உலவும்போதும் அதை அணிந்தார் எனச் சூட்டோனியஸ் எழுதியுள்ளார். இங்கே வடிவம் பெயரைத் தந்தது.

நம் நாட்டு உழவருக்கும் வழிப்போக்கருக்கும் தலையைக் காத்தது பெரும்பாலும் தறியில் நெய்த துணியே. அதனை 'உருமால்' என்றும் வழங்குகிறோம். இது பாரசீகச் சொல். 'ரூ' என்றால் முகம், 'மால்' என்றால் துடைப்பது. முகம் துடைக்க வந்த துணி தலைக்கு ஏறிற்று. கொங்கு நாட்டுத் திருமணங்களில் உருமாலைக் கட்டு என ஒரு சடங்காகவும் நிலைபெற்றது. இங்கே செயல் பெயரைத் தந்தது.

மூன்றாவது வகையே நெசவாளர் கருதத்தக்கது. சென்னையைச் சூழ்ந்த பகுதிகளில் நெய்த கட்டம்போட்ட பருத்திக் கைக்குட்டைகள், 18 ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வணிகர் வழியே மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் சென்றன. மார்த்தினீக்கு, குவாதலூப்பு, டொமினிக்கா முதலிய தீவுகளின் பெண்கள் அவற்றைத் தலையில் கட்டினர். அத்துணிக்கு இன்றும் அங்கே 'மதராஸ்' என்றே பெயர். 1786 இல் லூசியானாவின் ஆளுநர் மிரோ, கறுப்பினப் பெண்கள் தலைமயிரைத் துணியால் மறைத்தல் வேண்டும் என ஆணையிட்டார். இழிவாக விதித்ததை அப்பெண்கள் வண்ணத் துணிகளால் அழகாகக் கட்டி அணியாக்கிக் கொண்டனர். இங்கே ஊர் பெயரைத் தந்தது.

ஆனால் அதனை நெய்தவர் எவர் என்பதை அப்பெயர் சொல்வதில்லை. சரக்கு புகழ்பெற்றது, நெய்த கை மறைந்தது. ஊர்ப் பெயர் எவரும் எடுத்தாளும் வெறும் சொல்லாகிவிடக் கூடாது என்பதற்காகவே புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999 இல் இயற்றப்பெற்றது. காஞ்சிபுரம் பட்டு 2005-06 ஆம் ஆண்டில் அதன்கீழ்ப் பதிவு பெற்றது. சட்டம் பெயருக்கு வேலியிடும். வேலிக்குள் விளைவது நம் பொறுப்பு. சொன்ன பட்டும், சொன்ன சரிகையும் தறியில் ஏறினால்தான் காஞ்சி என்னும் பெயர் நெய்தவரின் பெயராக நிற்கும்.