இலை மஞ்சளாகும் முன்னாடியே நோய் தெரியுமா?

திராட்சை இலை மேல எண்ணெய்த் துளி பட்ட மாதிரி ஒரு மஞ்சள் வட்டம். அதுதான் அடிச்சாம்பல் நோயோட முதல் அடையாளம். ஆனா அது கண்ணுக்குத் தெரியும்போது, கிருமி உள்ளே புகுந்து பல நாள் ஆகியிருக்கும். அடுத்து ஈரமான ஒரு ராத்திரி போதும், இலையோட அடிப்பக்கம் வெள்ளையா பூத்து, வித்துகள் பக்கத்துக் கொடிக்குப் போயிடும். (இது அசல் பூஞ்சை இல்ல, பாசிக்குச் சொந்தக்காரன். ஆனா எல்லாரும் பூஞ்சைன்னுதான் சொல்றாங்க, நானும் சொல்லிக்கிறேன்.)

அமெரிக்காவிலிருந்து 1870-களில் இந்த நோய் பிரான்ஸுக்குப் போச்சு. 1885-ல் மில்லர்டே மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடிச்சா தடுக்கலாம்னு காட்டினார். அதுதான் நம்ம ஊர்லயும் இருக்கற போர்டோ கலவை. சிக்கல் என்னன்னா, தாமிரம் இலைக்கு வெளியே காவல் நிற்கும். உள்ளே போன கிருமியை ஒண்ணும் செய்யாது. பயத்துல அடிச்சுக்கிட்டே இருந்தா மண்ணுல சேரும். ஐரோப்பிய ஒன்றியம் ஹெக்டேருக்கு 7 வருஷத்துல 28 கிலோ தாமிரம்தான்னு வரம்பு வச்சிருக்கு. அதனால, எந்த வரிசைக்கு, எப்போ அடிக்கணும்னு முன்னாடியே தெரிஞ்சா பெரிய லாபம்.

இங்கதான் ரிமோட் சென்சிங் வருது. நல்ல இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிடும், அகச்சிவப்பில் பாதிக்குக் கிட்ட திருப்பி அனுப்பும். இந்த ரெண்டையும் ஒப்பிடற கணக்குதான் என்டிவிஐ. ஆனா பச்சையம் சிதைஞ்ச பிறகுதான் அது நல்லா இறங்கும். அதுக்குள்ள நம்ம கண்ணே பார்த்துடும்! நோய் வந்த இலையில் நீர் ஆவியாகிறது மாறும், அதனால வெப்பநிலையும் மாறும். தெர்மல் கேமரா தேடறது அதைத்தான். சென்டினல்-2 செயற்கைக்கோளோட ஒரு பிக்சல் 10 மீட்டர். அதுக்குள்ள மூணு நாலு வரிசை கொடி, நடுவுல புல், நிழல் எல்லாம் கலந்துடும்.

கலிபோர்னியாவின் லோடியில், நாசா விமானத்துல பறந்த கருவி நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் படம் எடுத்து, அறிகுறி தெரியறதுக்கு முன்னாடியே நோயுள்ள கொடிகளைப் பிரிச்சுக் காட்டுச்சு. சிறந்த மாடலுக்கு 87% துல்லியம். ஆனா அது இலைச்சுருள் வைரஸ், மெதுவா பரவறது. அடிச்சாம்பலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

இன்னொண்ணு, நம்ம கோடர்ஸுக்கு. 1000 கொடியில் 20-க்கு நோய்னு வைங்க, மாடல் 90% சரி. 18-ஐப் பிடிக்கும். நல்லா இருக்கற 980-ல் 98-ஐயும் நோய்னு சொல்லும். அப்போ 116 எச்சரிக்கையில் 98 வெத்து. தண்ணி இல்லாம வாடினாலும், சத்து குறைஞ்சாலும் பிக்சல் அதே மாதிரிதான் மாறும்.

ஆக, ட்ரோன் காட்டற வரிசைக்கு ஒரு ஆள் நடந்து போகணும், இலையைத் திருப்பிப் பார்க்கணும். மஞ்சள் வட்டம் சந்தேகமா இருந்தா, அந்த இலையை லேசா நனைச்சு பாலிதீன் பையில் போட்டு, ராத்திரி முழுக்க கதகதப்பான இருட்டுல வைப்பாங்க. காலையில் அடிப்பக்கம் வெள்ளையா பூத்திருந்தா, அதேதான்.