‘எனக் கொள்க’ தெரிந்த பிள்ளைக்கு ‘அஸ்யூம்’ தெரியாதா?

பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து, இயற்பியலில் நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை. கல்லூரியில் முதல் வாரம். கரும்பலகையில் இருக்கும் சமன்பாடு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆனால், பேராசிரியர் ‘டெரைவ்’ என்கிறார். காதில் ‘டிரைவ்’ என்று விழுகிறது. யார் எதை ஓட்டுவது? அடுத்த வரியில் ‘ரெஸ்பெக்டிவ்லி’. இதில் மரியாதை எங்கே வந்தது? வகுப்பு முடிவதற்குள், தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது.

ராதாபுரம், வள்ளியூர், திசையன்விளை, பணகுடி வட்டாரத்திலிருந்து திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் பஸ் ஏறும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கு இது பழகிய அவஸ்தை. பீடி சுற்றியும், கடலுக்குப் போயும் படிக்கவைத்த வீடுகள் அவை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. வாசல் திறந்துவிட்டது. உள்ளே போன பிறகு அரியர் விழுந்தால்? “என்னட்டி, பாடம் புரியலையா?” என்று அம்மா போனில் கேட்கிறாள். “பாடம் புரியுதும்மா. இங்கிலீஷுதான்...”

உடனே ‘ஸ்போக்கன் இங்கிலீஷ்’ வகுப்புக்குப் பணம் கட்டிவிடுகிறோம். அது வேறு நோய்க்கான மருந்து. ஹோட்டலில் சாப்பாடு கேட்கவும், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளவும் சொல்லித்தருவார்கள். அங்கே ‘டெரைவ்’ வருவதற்கு வாய்ப்பே இல்லை.

பாடப்புத்தக ஆங்கிலத்தில் மூன்று வகைச் சொற்கள் இருக்கின்றன. அன்றாடச் சொற்கள் பிள்ளைக்கு ஓரளவு தெரியும். ‘வெலாசிட்டி’, ‘ஆஸ்மாசிஸ்’ போன்ற துறைச் சொற்களைப் பேராசிரியரே விளக்கிவிடுவார். நடுவில் இருப்பவைதான் சிக்கல்: அஸ்யூம், டெரைவ், கன்சிஸ்ட், இண்டிகேட், வேரி. எல்லாப் பாடத்திலும் வரும், எந்தப் பாடத்திலும் சொல்லித்தர மாட்டார்கள்.

நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் இந்த நடுச் சொற்களை ஒருவர் எண்ணியே பார்த்துவிட்டார். அவெரில் காக்ஸ்ஹெட் என்ற அந்த ஆய்வாளர் கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு துறை நூல்களிலிருந்து 35 லட்சம் சொற்களைத் திரட்டி, பொதுவாகத் திரும்பத் திரும்ப வருபவற்றைப் பிரித்தெடுத்தார். 2000-ல் வெளியான அவருடைய பட்டியலில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள். கல்லூரிப் புத்தகத்தில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலில் இருந்து வருகிறது. ஏறக்குறைய வரிக்கு ஒன்று. வரிக்கு ஒரு முறை தடுக்கி விழுந்தால் யாரால் பாடம் படிக்க முடியும்?

அடிக்கடி வருபவை முதலில் வருமாறு பட்டியலைப் பத்துப் பகுதிகளாக அடுக்கியிருக்கிறார். முதல் பகுதியில் 60 சொற்கள். அதைப் பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்களே சிரிப்பார்கள். ஏரியா, கான்ட்ராக்ட், எஸ்டிமேட், பைனான்ஸ், இன்கம், லேபர், பாலிசி, செக்‌ஷன்... இதெல்லாம் ராதாபுரம் சந்தையில் புழங்கும் தமிழ்தானே! ஆனால், நமக்கு ‘பாலிசி’ என்றால் எல்.ஐ.சி, பொருளாதாரப் புத்தகத்தில் அது அரசின் கொள்கை. நமக்கு ‘இஷ்யூ’ என்றால் தகராறு; நூலகத்தில் புத்தகம் தருவதும் இஷ்யூ, நீங்கள் படிக்கும் வார இதழும் ஒரு இஷ்யூ. பாதி தெரிந்த சொல், தெரியாத சொல்லைவிட அதிகமாக ஏமாற்றும்.

இந்த ஊர்க்காரர்களுக்கு இதற்கு வெளியில் உதாரணம் தேட வேண்டாம். கூடங்குளம் முதல் அணு உலை 2013 ஜூலை 13-ல் ‘கிரிட்டிக்கல்’ நிலையை எட்டியது. ஆஸ்பத்திரியில் ‘கிரிட்டிக்கல்’ என்றால் உறவினர்களுக்குச் சொல்லியனுப்புவார்கள். உலையில் அந்தச் சொல்லுக்கு, அணுப்பிளவுத் தொடர்வினை தன்னைத்தானே நிலையாக நடத்திக்கொள்ளத் தொடங்கிவிட்டது என்று பொருள். உலை வேண்டுமா வேண்டாமா என்பது தனி வழக்கு. சொல்லுக்கு ஒற்றை அர்த்தத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் எப்படிப் படிப்பது? வழி கண்டவர்களில் ஒருவர் பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் வேலை பார்த்தவர். டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கக் கற்றுத்தருவது எப்படி என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அகராதியில் சொல்லைவிட விளக்கம் கடினமாக இருந்தால் என்ன பயன்? 1935-ல் எண்டிகாட் என்பவருடன் சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார். அதில் எல்லா விளக்கங்களும் 1,490 எளிய சொற்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. அந்த வழியில் வந்ததுதான் 1978-ன் லாங்மேன் மாணவர் அகராதி. விளக்கங்களுக்குச் சுமார் 2,000 சொற்கள்தான் அதற்கு எல்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பரிசு வாங்குவதாக இருந்தால், கைக்கடிகாரத்துக்குப் பதிலாக இப்படியொரு மாணவர் அகராதி வாங்கலாம். இணையத்தில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மாணவர் அகராதிகளை இலவசமாகவே பார்க்கலாம்.

விளக்கம் மட்டும் போதாது. ‘கன்சிஸ்ட்’ என்றால் ‘அடங்கியிருத்தல்’ என்று எழுதிவைத்த பிள்ளைக்கு, அதற்குப் பின்னால் ‘ஆஃப்’ வரும் என்பது தெரியாது. ‘வாட்டர் கன்சிஸ்ட்ஸ் ஆஃப் ஹைட்ரஜன் அண்ட் ஆக்சிஜன்’ என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதிவைத்தால் பொருளும் தெரியும், அந்தச் சொல் யாரோடு சேர்ந்து நடக்கிறது என்பதும் தெரியும். மாப்பிள்ளை பார்க்கும்போது ஆளை மட்டுமா பார்க்கிறோம்? சேர்மானத்தையும் விசாரிக்கிறோம் அல்லவா!

எடுத்துக்காட்டு வாக்கியத்தை அகராதியிலிருந்து எடுத்த பிறகு, சொந்தமாகவும் ஒன்று எழுத வேண்டும். அதில் நம் ஊர் இருக்கட்டும். ‘வேரி’ என்ற சொல்லுக்குப் பணகுடிக் காற்றாலை போதும்: ‘தி விண்ட் ஸ்பீட் வேரீஸ் ஃப்ரம் மன்த் டு மன்த்.’ ஆனியிலும் ஆடியிலும் அந்தப் பக்கம் வண்டி ஓட்டியவர்களுக்கு இந்த வாக்கியம் மறக்காது.

‘தமிழ் அர்த்தமே பார்க்காதே, இங்கிலீஷிலேயே யோசி’ என்று சிலர் மிரட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழ்வழி மாணவர் கணக்குப் புத்தகத்தில் ‘எனக் கொள்க’ என்று நூறு முறை எழுதியிருக்கிறார், அதுதான் ‘அஸ்யூம்’. வினாத்தாளில் ‘வருவி’ என்று வந்தால் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்; அதுதான் ‘டெரைவ்’. ‘ஏ, பி-யின் மதிப்புகள் முறையே 5, 7’ என்பதில் உள்ள ‘முறையே’தான் அந்த ‘ரெஸ்பெக்டிவ்லி’. ‘வேறுபடுத்துக’, ‘மதிப்பிடுக’, ‘குறிப்பிடுக’ எல்லாமே அவர் கையிலிருக்கும் சொத்து. சிந்தனை ஏற்கெனவே இருக்கிறது, சட்டை மட்டும்தான் புதிது. அகராதியின் பொதுவான தமிழ்ப் பொருளைவிட, பள்ளிப் புத்தகம் பழக்கிய இந்தத் தமிழ்தான் சட்டென்று கைகொடுக்கும். பழைய பிளஸ் ஒன், பிளஸ் டூ புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொடுங்கள். சொல்லுக்கு அரைப்பக்கம். எளிய ஆங்கில விளக்கம், அகராதி வாக்கியம், சொந்த வாக்கியம், பள்ளிப் புத்தகத் தமிழ். நாளுக்கு ஐந்து சொல் என்றால் 570 சொற்களும் 114 நாளில் முடியும். பிளஸ் டூ தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்குள் கிடைக்கும் இடைவெளி கிட்டத்தட்ட அவ்வளவுதான். அது முடியாதென்றால் முதல் 60 சொற்களையாவது முடித்துவிடலாம்; 12 நாள் வேலை. அகரவரிசைப்படி போகாதீர்கள், ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்கள் குழப்பும். எழுதியதை மறுநாளும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் விளக்கத்தை மூடிவைத்துக்கொண்டு சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலம் தெரியாத அம்மாவும் இதில் உதவலாம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைசி வரியிலிருக்கும் தமிழை வாசித்தால் போதும். “‘எனக் கொள்க’. இதுக்கு என்ன மக்ளே?”