வெளிவராத ராப் பாடல்கள்: பிஸ்கட் டின்னில் கிடக்கும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்

பெஸ்தாரி ஜெயாவை இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் என் பெரியம்மா, தோட்ட வீட்டைக் காலி செய்து தாமானுக்கு மாறியபோது ஒரு பிஸ்கட் டின்னை என்னிடம் கொடுத்தார். உள்ளே நான்கு கேசட்டுகள், ஒரு குறுந்தட்டு. தோட்டத் திருவிழா மேடைக்காக அண்ணனும் அவர் கூட்டாளிகளும் பாடிப் பதிந்த ராப் பாடல்கள். பாடியவர்களில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை.

ஒரு ராப் குழு பதியும் எல்லாப் பாட்டும் ஆல்பத்தில் வருவதில்லை. முன்னோட்டமாகப் பதிந்த 'டெமோ', இடமில்லாமல் விடுபட்ட பாட்டு, மேடையில் பாடியது என்று நிறைய மிஞ்சும். பல ஆண்டுகள் கழித்து அவற்றைத் திரட்டி 'அரிய பதிவுகள்' என்று தனித் தொகுப்பாக வெளியிடுவது வெளிநாட்டுக் குழுக்களிடம் வழக்கம்.

நம் நாட்டில் இதை யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது பொயட்டிக் அம்மோ. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட்ஸ்லைட், சி. லோக்கோ ஆகியோரின் குழு. 1998-இல் வந்த இவர்களது முதல் ஆல்பத்தில் ஆங்கிலத்தோடு மலாய், தமிழ், கண்டனீஸ் மொழிகளும் இருந்தன. 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் 'வல்லவன்' ஆல்பத்தைக் கொண்டு வந்தார்கள். அதிலிருந்த 'மடை திறந்து' தமிழ்நாடு வரை போய்ச் சேர்ந்தது.

நான்கு மொழியில் ஒன்றாக இருந்த தமிழ், எட்டே ஆண்டுகளில் ஆல்பத்தின் மொழியாகவே ஆனது எப்படி? தாளத்துக்குச் சொல்லை எப்படி வெட்டினார்கள், எதைப் பாடிப் பார்த்துக் கைவிட்டார்கள்? கடையில் வாங்கிய குறுந்தட்டு இதைச் சொல்லாது. டெமோ சொல்லும். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு அதில்தான் ஆசை அதிகம்.

சில பாடல்கள் முடங்குவதற்குக் காரணம் உரிமை. ராப் இசையில் பழைய பாட்டின் ஒரு துண்டை எடுத்துக் கோர்ப்பது சகஜம். 'மடை திறந்து'கூட 1980-இல் வந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை ஒட்டியதுதான். அப்படி எடுத்தாண்டால் உரியவரிடம் அனுமதி வேண்டும். அமெரிக்காவின் டி லா சோல் குழு இந்தச் சிக்கலில் மாட்டியதால், அவர்களின் பழைய ஆல்பங்கள் 2023 மார்ச்சில்தான் இணைய இசைத் தளங்களுக்கு வந்தன.

இன்னொரு காரணம் தண்ணீர். வு-டாங் கிளான் குழுவின் ரிஸாவுடைய நிலவறை ஒலிப்பதிவுக் கூடத்தில் 1990-களின் நடுவில் வெள்ளம் புகுந்தது. நூற்றுக்கணக்கான இசைக்கோப்புகள் அழிந்தன. இன்ஸ்பெக்டா டெக்கின் தனி ஆல்பம் 1999 வரை தள்ளிப்போனது. வெள்ளம் என்றால் என்னவென்று கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளியான குறுந்தட்டைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க 1986-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. வெளிவராத பாட்டுக்கு அந்தக் காப்பும் இல்லை. வைத்திருப்பவர் வீட்டில் இருந்தால் இருக்கிறது, அவ்வளவுதான்.

பூஞ்சை படிந்த கேசட்டை உடனே ஓட விடாதீர்கள். நாடா அறுந்துவிடலாம், பூஞ்சை கருவிக்கும் பரவும். நல்ல நாடா என்றால் கேசட் கருவியைக் கணினியோடு இணைத்து 'வேவ்' கோப்பாகப் பதியுங்கள். எம்பி3 ஒலியைச் சுருக்கிவிடும். அதைப் புலனத்தில் அனுப்பப் பிறகு செய்து கொள்ளலாம். வீட்டில் எழுதிய குறுந்தட்டு வெயில் பட்டால் கெடும், அதனால் அதை முதலில் கவனியுங்கள். பாடியவர், தோட்டம், ஆண்டு மூன்றையும் எழுதி, இரண்டு இடத்தில் வையுங்கள்.

பொதுவில் ஏற்றுவது வேறு விஷயம். 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு, வெளியிடாத பதிவுக்கும்தான். பாடியவர்களையும் குடும்பத்தாரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

எங்கள் டின்னில் மூன்று கேசட்டுகள் ஓடின. அண்ணன் உட்கார்ந்து கேட்டு, பெயர்களை எழுதித் தந்தார். ஒரு பாட்டில் கடைசியாகச் சிரிப்பது யார் என்பதில் மட்டும் அவருக்கும் பெரியம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.